கல்யாண வீட்டு அவசரப் பெட்டி யார் கையில்?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மணப்பெண் தன் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்களைப் பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்தேன். ஒப்பனைச் சாமான்கள், ஒட்டுப்பொட்டு, ஊக்கு, ஏலக்காய், கைப்பேசிக்குப் பவர்பேங்க் என்று பட்டியல் நன்றாகவே இருந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் காரைக்குடியில் 34 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்திவிட்டு இப்போது ஓய்ந்திருக்கிறவன் என்ற முறையிலும், உறவிலும் நட்பிலும் நடந்த கல்யாணங்கள் பலவற்றில் 'மருந்துப் பெட்டி உங்கள் பொறுப்பு' என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டவன் என்ற முறையிலும், அந்தக் குறிப்பு தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பெட்டி யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான் ஒருவரும் பேசுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில், என் அண்ணன் மகள் திருமணம் எங்கள் பூர்வீக வீட்டில் நடந்தது. முகூர்த்தம் 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். மாப்பிள்ளையின் ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, 78 வயது, நெடுநாள் சர்க்கரைக்காரர். காலைப் பலகாரத்துக்கு முன் போட வேண்டிய மாத்திரையை 7 மணிக்கே போட்டுக்கொண்டு, பலகாரத்துக்கு உட்காராமல், வருகிறவர்களை வரவேற்பதும் பழைய கதை பேசுவதுமாக முகப்பிலேயே இருந்துவிட்டார். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற நேரம் நெருங்கியபோது பட்டாலை என்கிற கூடத்தில் வேட்டியும் துண்டும் நனையும்படி வியர்த்து, பேச்சுக் குழறி, தூணில் சாய்ந்துவிட்டார். வெயில் என்றார் ஒருவர். திருஷ்டி என்றார் இன்னொருவர். மார்வலி என்று முடிவுகட்டி ஒருவர் நெஞ்சைத் தடவினார். பன்னீர்ச் செம்பை எடுத்து முகத்தில் தெளித்தவரும் உண்டு. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருக்கிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. என் அண்ணன் மனைவியான அண்ணமிண்டி மிகுந்த முன்யோசனையோடு மூன்று மாதம் தேடித் தேடிச் சேர்த்துவைத்த அவசரப் பெட்டியில் குளுக்கோஸ் மாவும் இருந்தது, இரத்தச் சர்க்கரை பார்க்கிற கருவியும் இருந்தது. பெட்டி இருந்த இடம் வீட்டின் இரண்டாம் கட்டு என்கிற உட்பகுதியில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு உரிய உள்ளறை. அறை பூட்டியிருந்தது. சாவி அண்ணமிண்டியின் இடுப்பில். அவர்களோ மகளுக்கு அருகில், சடங்கின் நடுவில், கொட்டுமேளத்தின் நடுவில்.

கடைசியில் சமையற்கட்டிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் காப்பாற்றியது. கால் மணி நேரத்தில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, 'திருப்பூட்டியாயிற்றா, நான் பார்க்கவில்லையே' என்று கேட்டார். அதற்குள் ஆகியிருந்தது. பேரன் திருப்பூட்டுவதைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து காரில் வந்தவர் அவர்.

அன்றைக்கு அந்த வீட்டில் மொத்தம் மூன்று பெட்டிகள் இருந்தன என்பது பிற்பாடு தெரிந்தது. மணப்பெண்ணின் தோழி ஒன்று வைத்திருந்தாள். கல்யாண ஏற்பாட்டுக்கு அமர்த்திய நிறுவனத்தார் ஒன்று வைத்திருந்தனர். மூன்றாவது நான் சொன்னது. மூன்றிலும் ஊக்கு இருந்தது. மூன்றிலும் தலைவலி மாத்திரை இருந்தது. ஒன்று இருக்கும் செய்தி மற்றவருக்குத் தெரியாது.

இப்படி ஒரு பெட்டி வைத்துக்கொள்வது ஏதோ இப்போது வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். என் அப்பத்தா காலத்தில் அது ஓலைக்கொட்டானாக இருந்தது. ஊசி, நூல், ஓமம், சுக்கு, வசம்பு, கற்பூரம், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிச்சுருள், ஒரு சிறு கத்தி, தேங்காயெண்ணெய்ச் சீசா, மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு மஞ்சள் கயிறு ஆகியவை அதில் கிடக்கும். கல்யாண வீட்டில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் 'பெரியாச்சியிடம் கேள்' என்பார்கள். அந்தப் பெரியாச்சி யார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கணவரை இழந்துவிட்ட காரணத்தால் மணையருகே வரக்கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட அத்தையோ, சின்னத்தாளோ, பெரியப்பா வீட்டு ஆச்சியோதான் அவர்கள். பிள்ளைகளின் கல்யாணத்தை இரண்டாம் கட்டின் தூணோரத்திலிருந்து எட்டிப் பார்த்தபடி, கொட்டானையும் சாவிக்கொத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, யாருக்குப் பசி, யாருக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தையைக் காணோம் என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கம் கொடுமையானது. அது குறைந்துவருவது நல்லது. அது திரும்ப வேண்டும் என்று யாரும் எண்ணக்கூடாது. ஆனால் அவர்கள் வாய்திறவாமல் செய்துவந்த அந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்காமலேயே நாம் இருக்கிறோம்.

வேலையோ முன்னிலும் கூடியிருக்கிறது. அந்த நாளில் வீட்டில் ஆட்கள் குடியிருந்தார்கள்; எது எங்கே என்பது பத்துப் பேருக்காவது தெரியும். இன்றைக்குக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ திறக்கப்படுகிற வீடுகளே மிகுதி. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு மின்சார மெயின் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதே தெரியாது. ஏற்பாட்டு நிறுவனத்தாருக்கு மேடையும் விளக்கும் பந்தியும் தெரியும். யாருக்கு இன்சுலின், யாருக்கு ஆஸ்துமா என்பது தெரிய வழியில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், பாக்கு வைத்து நாள் குறிக்கிறபோதே பெட்டிக்கு ஓர் ஆளையும் குறித்துவிட வேண்டும் என்பதாகும். அவர் மணமக்களின் பெற்றோராக இருக்கக்கூடாது. அம்மானாகவும் அத்தையாகவும் சடங்கில் இடம் உள்ளவராக இருக்கக்கூடாது. புகைப்படத்துக்கு அடிக்கடி அழைக்கப்படுகிற நெருக்கமும் கூடாது. பந்தி விசாரிக்கிற பொறுப்பும் அவருக்கு இருக்கக்கூடாது. பங்காளி வீட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிற பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பதற்றப்படாத ஒருவர் போதும். முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி, கட்டுச்சோறு கட்டிக் கடைசி வண்டி புறப்படுகிற வரையில் அவர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எழுந்து போனால் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். பட்டாலையின் இடப்பக்கத் தூண் என்றால் அது எல்லோருக்கும் தெரிந்த தூணாக இருக்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு வேண்டியதில்லை. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டிவைப்பதை நான் மருந்தைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 108 அவசர ஊர்தி நம் மாநிலத்துக்கு 2008-இல் வந்தது. அந்த எண்ணைத் தெரியாதவர் இன்று இல்லை. ஆனால் பேசுகிறவர் பதற்றத்தில் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறேன். வீட்டு விலாசம் என்று நாம் வழங்குகிற குடும்ப இனிஷியல் நான்கைச் சொல்லி 'அவர்கள் வீடு' என்கிறார். நமக்கு அது போதும்; வேறு மாவட்டத்திலிருந்து பணிக்கு வந்த ஓட்டுநருக்கு அது எப்படி விளங்கும்? நம் ஊர்களில் தெருக்கள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும், வீடுகளும் அப்படியே. எனவே தெருவின் பெயர், அருகிலுள்ள ஊருணி, கோயில், எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி, அப்படியே வாசிக்கும்படி வைக்க வேண்டும். தீயணைப்புக்கு 101, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, பொதுவாக எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்களும் அதே தாளில் இருக்கலாம். இதய நோய், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை உள்ள பெரியவர்களின் பெயரும் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் இரண்டு வீட்டாரிடமும் முன்னதாகவே கேட்டு எழுதப்பட வேண்டும். இதைக் கேட்பது அபசகுனம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. மார்வலிக்காரருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதைக் காட்டிலும் அது பெரிய அபசகுனமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மருந்துகள். மருந்துக்கடைக்காரனாக இருந்தும் சொல்கிறேன், குறைவாக வையுங்கள். கல்யாண வாரத்தில் என் கடைக்கு வந்து, நுண்ணுயிர்க்கொல்லி இரண்டு அட்டை, வலிமாத்திரை நான்கு அட்டை, தூக்க மாத்திரை கொஞ்சம் என்று கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் ஓரிரு வாடிக்கையாளர்களை இழந்ததும் உண்டு. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போதும். குழந்தைக்கு அதன் எடையைப் பார்த்தே அளவு சொல்ல வேண்டுமாதலால், குழந்தையின் மருந்தை அதன் தாயே கொண்டுவருவது நல்லது. மற்ற வலிமாத்திரைகள் குடற்புண் உள்ளவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் சில ஆஸ்துமாக்காரர்களுக்கும் கேடு செய்யும். கூட்டத்தில் யார் யாருக்கு என்ன இருக்கிறது என்று யார் கண்டது? அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற மாத்திரை தூக்கம் வரவழைக்கும். அதை வண்டியோட்டிக்குக் கொடுத்து இரவில் மதுரைக்கு அனுப்பக் கூடாது. அட்டையைப் பெட்டிக்குள் வைக்கும்போதே காலாவதித் தேதியைப் பார்த்துவிட வேண்டும். போன கல்யாணத்துப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதைச் செய்வதேயில்லை.

சர்க்கரை இறங்குவதைப் பற்றி மேலே சொன்னேன். கல்யாண வீட்டில் இனிப்புக்கா பஞ்சம் என்று லட்டையும் மைசூர்பாகையும் வாயில் திணிக்கிறார்கள். நெய்யும் எண்ணெயும் சேர்ந்த பண்டத்தின் இனிப்பு இரத்தத்தில் கலக்க நேரமாகும். வெறும் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உடனே வேலை செய்யும். ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று சிறுகரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, தேறவில்லையென்றால் இன்னொரு முறை, தேறியதும் பலகாரம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி அதுவே உயிருக்கு வினையாகும். அப்போது 108 ஒன்றுதான் வழி. காலை மாத்திரையையும் இன்சுலினையும் பந்தி போட்ட பிறகு எடுத்துக்கொள்ளும்படி பெரியவர்களுக்கு நினைவூட்டுவதும், சர்க்கரைக்காரர்களை முதல் பந்தியிலேயே உட்கார வைப்பதும் பெட்டிக்காரரின் வேலைதான். இன்சுலினை நிறுத்திவைத்த காருக்குள் விட்டுவிட்டு வருவது கத்திரி வெயிலில் அதைக் கெடுத்துவிடும் என்பதையும் அவர் சொல்லிவைக்கலாம்.

கத்திரி வெயில் என்றதும் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நினைவுக்கு வருகிறது. வைகாசிக் கல்யாணத்தில் மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் மணமக்கள் அல்லர். விறகடுப்பின் முன் நிற்கும் சமையல்காரர்களும், பந்தல்காரர்களும், நாயனக்காரர்களும், எச்சில் இலை எடுக்கிற பெண்களும்தான். பட்டுப்புடவைக்காரருக்கென்று வைத்த பெட்டி இவர்களுக்கும் உரியது என்பதைப் பெட்டிக்காரருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதை நான் எத்தனையோ முறை தடுத்திருக்கிறேன். உப்பு மிகுந்தால் நீரிழப்பு கூடுமே தவிரக் குறையாது. ஆகவே பொட்டலத்தோடு ஒரு லிட்டர் அளவுள்ள பாட்டிலும் இருக்கட்டும். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் போதும். கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்கிற சில இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற அந்த மூன்றெழுத்தைப் பெயரில் போட்டுக்கொண்டு நெடுநாள் ஏமாற்றிவந்தன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரானது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நெஞ்சுவலிக்கு நான் நீட்டி எழுதப் போவதில்லை. உட்கார வையுங்கள், நடக்கவிடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பெட்டியில் ஆஸ்பிரின் இருக்கட்டும், ஆனால் தொலைபேசியில் மருத்துவரோ அவசர ஊர்திப் பணியாளரோ கொடுக்கச் சொன்ன பிறகு மென்று விழுங்கக் கொடுங்கள். நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையை ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கிவிடும். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், மருத்துவர் கேட்கிற முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சமையற்கட்டில் கோட்டை அடுப்பும் அண்டாவும் இருக்கிற வீட்டில் சுடுதண்ணீரோ எண்ணெயோ பட்டுக் கொப்பளிப்பது அடிக்கடி நடப்பது. பற்பசை, பேனா மை, இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பூசுவார்கள். ஒன்றும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கையை வைத்திருக்க வேண்டும், பனிக்கட்டி கூடாது. வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் கொதிக்கவைத்து உலர்த்தி உறையிலிட்டு வைத்திருந்த என் அப்பத்தாவின் கொட்டானை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று தனி ஆபத்துகள் சில உண்டு. ஒட்டடையும் வௌவால் எச்சமும் தூசியும் ஆஸ்துமாக்காரரை முதல்நாள் இரவே படுத்திவிடும். அவருடைய உறிஞ்சுகருவி (இன்ஹேலர்), பெட்டியில் அல்ல, அவர் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். கூரை விளிம்பான கொடுங்கையிலோ பின்கட்டு மரத்திலோ கதண்டு என்கிற கொட்டும் வண்டின் கூடு இருக்கிறதா என்று வெள்ளையடிக்க வருகிறவர்களைக் கொண்டே பார்க்கச் செய்து, இருந்தால் தீயணைப்புத் துறையினரை அழைத்து முன்னதாக அகற்றிவிட வேண்டும். வேட்டுச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் அதைக் கலைத்துவிட்டால் பெட்டியில் எது இருந்தும் பயனில்லை. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம்; கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெட்டியில் இதற்காக இருக்க வேண்டியது நல்ல டார்ச் விளக்கு ஒன்று, அவ்வளவே.

புடவை, நகை தொடர்பானவற்றில் எனக்கு அதிகாரமில்லை. என் மனைவி சொல்வதை எழுதுகிறேன். ஊக்குகளை மூன்று அளவில், துருப்பிடிக்காதவையாக வாங்க வேண்டும். ஊக்கின் வளைவில் பட்டு சிக்கிக் கிழியாமலிருக்க அந்த வளைவில் ஒரு சிறு மணியைக் கோர்த்துவிட்டுக் குத்த வேண்டும். ரவிக்கைக்குக் கொக்கிகளும், புடவை நிறத்திலேயே நூல் கோர்த்த ஊசிகள் இரண்டும் தயாராக இருக்க வேண்டும். பதற்றத்தில் ஊசியில் நூல் ஏறாது. தாலியான கழுத்துருவைக் கோர்ப்பதற்கென்று நாள் பார்க்கிற நம் வழக்கத்தில் நூலின் உறுதியைப் பெரியவர்களே இழுத்துப் பார்த்துவிடுவார்கள்; என்றாலும் அதே நூலில் உபரியாக ஒரு முழம் இருப்பது நல்லது. எண்ணெய் பட்ட பட்டின் மேல் முகப்பவுடரைத் தூவி, தேய்க்காமல், எண்ணெயை அது உறிஞ்சும்வரை விட்டுவிட வேண்டும்.

மஞ்சள் கறைக்கு மட்டும் நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஆத்தா உடுத்தியிருந்த சந்தன நிறப் பட்டில் மஞ்சள் தண்ணீர் தெறித்துவிட்டது. உதவி செய்ய வந்த பெண் ஒருத்தி ஓடிப்போய்ச் சோப்பைக் கொண்டுவந்து தேய்த்தாள். மஞ்சள் சிவப்பாகிவிட்டது. அந்த அம்மாள் அதிர்ந்துபோய், புடவை சாயம் விடுகிறது என்று புடவைக்கடைக்காரரைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் ஒரு பாவமும் அறியார். மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தித் தண்ணீர் எடுக்கிறோமே, அதே வேலையைத்தான் சோப்பும் செய்தது; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, முந்தானையை மாற்றி மடித்துக் கறையை மறைத்து, மறுநாள் சலவைக்காரரிடம் 'இது மஞ்சள்' என்று சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மோதிரம் சிக்கிக்கொள்வது இன்னொன்று. வெயிலாலும் நெடுநேரம் கையைத் தொங்கவிட்டிருப்பதாலும் விரல் வீங்கும். இழுக்க இழுக்க இன்னும் வீங்கும். கையைத் தலைக்கு மேல் ஐந்து நிமிடம் தூக்கிவைத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, தேங்காயெண்ணெய் தடவிப் பார்க்கலாம். வரவில்லையென்றால், வழுவழுப்பான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கமாக விட்டுவிட்டு, மறுமுனையை மோதிரத்தையொட்டித் தொடங்கி விரல்கணுவைத் தாண்டும்வரை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையைப் பிடித்து நகத்தை நோக்கி மெல்லப் பிரித்தால், நூல் பிரியப் பிரிய மோதிரமும் நகர்ந்து வந்துவிடும். ஆசாரி வருவதற்குள் நான் மூன்று மோதிரங்களை இப்படிக் கழற்றியிருக்கிறேன். விரல் நீலம் பாரித்துவிட்டால் மட்டும் மோதிரத்தை வெட்டிவிட வேண்டும். தங்கத்தை உருக்கித் திரும்பச் செய்துகொள்ளலாம்.

மாதவிலக்கு அணையாடைகளைப் பெட்டியில் வைப்பதற்கு இன்னமும் கூசுகிறோம். வைக்க வேண்டும், பெண்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி தனிப் பையில் வைக்க வேண்டும். வண்டிக்காரருக்கும் பூக்காரருக்கும் கொடுக்க, கைப்பேசிப் பணம் நம்பி ஏமாறாமல், 100 ரூபாயும் அதற்குக் குறைந்த தாள்களுமாகக் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம்; அதற்கு அழைப்பிதழ் கேட்பார்கள் என்பதால், எல்லாம் தீர்ந்துபோவதற்கு முன் இரண்டை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டுவைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கல்யாண மண்டபங்களையும் நகர விடுதிகளையும் நிர்வகிக்கிறவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். முன்பணம் வாங்கும்போது கொடுக்கிற விதிமுறைத் தாளில், மின்சார மெயின் இருக்கும் இடம், தீயணைப்பான் இருக்கும் இடம், எத்தனை வாசல்கள், அவற்றின் சாவி யாரிடம் ஆகிய நான்கையும் அச்சிட்டுக் கொடுத்தால் பெட்டிக்காரரின் வேலை பாதியாகக் குறையும். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் கல்யாணக் கூட்டம் நிறைந்திருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உட்படப் பலர் மாண்டதை நம் பக்கத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. அதன்பிறகும் அலங்காரத் துணியைக் கட்டி வாசலை மறைக்கிற மண்டபங்களைப் பார்க்கிறேன். அலங்காரம் செய்கிறவரிடம் 'இந்தக் கதவை மட்டும் மூடாதீர்கள்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்; வீட்டாருக்கு அதற்கு நேரமிருக்காது.

வரும் ஆவணியில் என் தம்பி பேத்திக்குக் கல்யாணம். முழங்கால் வலியின் காரணமாக இம்முறை பெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிற பங்காளி வீட்டுப் பையனிடம் ஒப்படைத்திருக்கிறோம். போன வாரம் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த ஒரு முழ நீள இரும்புச் சாவியைத் தூக்கிப் பார்த்து, 'ஐயா, இது மருந்துப் பெட்டியில் எதற்கு?' என்று கேட்டான். நம் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்தெருவைப் பந்தலும் விருந்தாளிகளின் கார்களும் அடைத்துக்கொண்டிருக்கும்போது அவசர ஊர்தி பின்தெருவுக்குத்தான் வரமுடியும். அந்தக் கதவு திறந்து நான்கு ஆண்டு ஆகிறது என்று சொன்னேன். அன்று மாலையே தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். பூட்டுத் திறந்துவிட்டது, தாழ்ப்பாள்தான் அசையவில்லை. இந்த வாரம் ஆசாரி வருகிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர்,
காரைக்குடி.